யப்பான் மீன் வாய் திறந்த நாள்

முஹம்மது தம்பியின் சைக்கிள் மணி பாலையூற்றின் குறுக்குச்சந்தான ஒழுங்கையில் கேட்டால் முதலில் பூனைகளுக்குத்தான் தெரியும். அதற்குப் பிறகுதான் பெண்களுக்கு. கிண்ணியாவிலிருந்து பாதையேறி, அதாவது ஆட்களையும் வண்டிகளையும் அக்கரைக்கு இழுத்துச்செல்லும் அந்தப் பெரிய மிதவையில் ஏறி, சீனன்குடாவைத் தாண்டி மிதித்து வருகிற மனிதன். கரியரில் கட்டிய மரப்பெட்டிக்குள் ஈரச்சாக்கின் கீழே மீன்கள் இன்னும் துடித்துக்கொண்டிருக்கும். "துடிக்காத மீனை வித்தா என்ட பேரை மாத்துங்க" என்பான். யாரும் மாற்றவேண்டி வந்ததில்லை.

வெள்ளைக்காரனின் போர்க்கப்பல்கள் இன்னும் துறைமுகத்தில் நின்ற காலம் அது. தவக்காலம் வேறு. கத்தோலிக்க வேதக்காரர் வீடுகளில் நோன்பாக வெள்ளிக்கிழமை இறைச்சி கிடையாது, சில வீடுகளில் புதன்கிழமையும் கிடையாது. கடலில் பட்ட நல்ல மீனெல்லாம் ஐஸ் பெட்டிக்குள் புகுந்து கொழும்புக்கு லொறி ஏறிவிடும். மிஞ்சிய சூடையையும் சாளையையும் பார்த்து மூக்கைச் சுளித்த பெண்களுக்கு முஹம்மது தம்பியின் ஆற்றுமீன் தேவாமிர்தம். அவனுக்கும் அந்தத் தவக்காலம்தான் வருசத்துச் சோறு. மற்ற மாதங்களில் ஏதோ பிழைப்பு நடக்கும். இந்த மாதத்தில் ஒழுங்கை கைவிட்டால் அவன் வீட்டு அடுப்பும் கைவிட்டுவிடும்.

மீனுக்குப் பெயர் யப்பான் மீன். சில வருசங்களுக்கு முன்பு அரசாங்கம் குளங்களில் கொண்டுவந்து விட்டது. மாரியில் குளம் நிரம்பி வான் பாய்ந்தபோது அது ஆற்றுக்கும் இறங்கி, ஆறே தன்னுடையது என்பதுபோலப் பெருகிவிட்டது. எந்த நாட்டு மீன் என்று யாருக்குத் தெரியும்? புதிதாகவும் மலிவாகவும் எது வந்தாலும் யப்பான் என்பது அந்தக் காலத்துச் சனங்களின் வழக்கம். ஆனால் இது யுத்தகாலத்தில் யப்பான்காரன் குண்டு போட்ட ஊர். குண்டு விழுந்த அன்று துறைமுக டொக்யார்ட்டிலிருந்து ஒற்றைச் சப்பாத்தோடு ஓடிவந்த ஒழுங்கைக்கார ஹெக்டர் அதை மறப்பாரா?

"குண்டு போட்டும் நாங்கள் சாகயில்லை எண்டு இப்ப மீனை விட்டிருக்கிறான்" என்று சாப்பாட்டு மேசையில் சொல்லுவார். சொல்லிவிட்டு, அவர் மனைவி மாகிரட் புளிவிட்டு வைத்த குழம்பில் அந்த எதிரியின் முள்ளைக்கூட விடாமல் உறிஞ்சுவார். வாய் பேசும், நாக்கு தின்னும். மனிதன் அப்படித்தான்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, அந்த வெள்ளிக்கிழமை வரும்வரை.

முஹம்மது தம்பி பக்கத்து வீட்டுப் படலையடியில் நல்லம்மாவுக்கு மீன் நிறுத்துக்கொண்டிருந்தான். மாகிரட் வீட்டுக் கிணற்றடியில் கிளம்பிய அலறலில் தராசு அவன் கையிலிருந்து நழுவிவிட்டது.

"மாதாவே! ஐயோ, என்ர மாதாவே!"

எல்லாரும் ஓடினார்கள். மாகிரட் கத்தியை எறிந்துவிட்டுச் சுவரோடு ஒட்டி நின்றாள். துவைக்கிற கல்லின்மேல் உள்ளங்கை அகலத்தில் ஒரு மீன். தலையை அமத்திப் பிடித்துச் செதிளைச் சுரண்டப் போனாளாம். அதன் வாயிலிருந்து கொளகொளவென்று குஞ்சுகள் கொட்டின. கடுகளவு கண்ணும் கண்ணுக்குப் பின்னால் ஒரு நூல் வாலுமாகக் கல்லெல்லாம் நெளிந்தன. குசினி வாசலில் நின்ற மகள் கிறிஸ்டின் அதைப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். கிறிஸ்டின் நிறைமாதம் நெருங்கிய பிள்ளைத்தாச்சி. தலைப்பிள்ளைக்குத் தாய்வீடு வந்திருந்தவள்.

அங்கே சின்னராசா இருந்ததுதான் முஹம்மது தம்பியின் கெட்ட காலம். சல்லிக் கிராமத்திலிருந்து கருவாட்டுக் கூடையோடு வருகிறவன். துடிக்கிற மீன் ஒழுங்கைக்குள் வந்த நாளிலிருந்து அவனுடைய கருவாட்டைச் சீந்த ஆளில்லை. வெறும் வாயை மென்றுகொண்டிருந்தவனுக்கு அவல் கிடைத்துவிட்டது.

"கண்டீங்களோ? தான் பெத்த பிள்ளையளைத் தின்டிருக்கு! பிள்ளைதின்னி மீன்! நான் அப்பவே சொன்னனான்" என்றான். எப்போது சொன்னான் என்று யாரும் கேட்கவில்லை.

மாகிரட் முஹம்மது தம்பியின் பக்கம் திரும்பினாள். "தம்பி, பிள்ளைத்தாச்சி இருக்கிற வீட்டுக்கு இதையோ கொண்டு வந்தனீர்? என்ர பிள்ளை இதைத் தின்டிருந்தா வயித்தில இருக்கிறதுக்கு என்ன ஆகும்?"

முஹம்மது தம்பி வாய்ச்சொல்லில் யாருக்கும் சளைத்தவனல்ல. மீன் நாறுகிறது என்றிருந்தால் ஊரைக் கூட்டியிருப்பான். நிறை குறைவு என்றிருந்தால் அல்லாஹ்வைச் சாட்சிக்கு அழைத்திருப்பான். ஆனால் கல்லில் நெளிந்ததை அவன் கண்ணாலும்தான் பார்த்தான். தலையைக் குனிந்தபடி சைக்கிளடிக்குப் போனான். பெண்கள் ஒருவர் பின் ஒருவராக வாங்கிய மீனைக் கொண்டுவந்து அவன் பெட்டிக்குள் போட்டுவிட்டுப் போனார்கள். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூடமுடியுமா? அவன் பாதையடிக்குப் போய்ச் சேருவதற்குள் கதை அவனுக்கு முன்னே போய்ச் சேர்ந்திருந்தது.

வீட்டுக்கு வந்ததும் பெட்டியைக் குசினிக்குள் தள்ளினான்.

"எறிஞ்சிடு றம்லா. அதெல்லாம் புள்ளையத் தின்ட சாதி."

றம்லா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். அவன் மனைவிக்குக் கோபம் லேசில் வராது. மீனை எறி என்றால் மட்டும் வரும். "எறிஞ்சிட்டு நாம என்னத்தத் திங்கிற?" என்று சொல்லிவிட்டு அரிவாளை எடுத்து உட்கார்ந்தாள். அவன் வாசற்படியில் தலையில் கைவைத்து உட்கார்ந்துகொண்டான்.

ஒன்றை வெட்டினாள். வயிற்றுக்குள் பச்சைப்பாசி, கல்லில் சுரண்டித் தின்றது, குடல் முழுக்க நிறைந்திருந்தது. இன்னொன்றை வெட்டினாள். அதற்குள்ளும் பாசி. அடுத்ததைக் கையில் எடுத்தவள் நிறுத்தினாள். அதன் தொண்டை புடைத்திருந்தது. விரலால் வாயைப் பிளந்தாள். உள்ளே கண்களாக மொய்த்தன. பெண் கெட்டிக்காரி. வாயோடு விடவில்லை, வயிற்றையும் கீறினாள்.

"இஞ்ச பாருங்க."

"என்னத்தப் பாக்கிற?"

"இவள்ட வயித்துல ஒண்டுமே இல்ல. கழுவின சட்டி மாதிரி இரிக்கி. புள்ளையத் தின்டவள்ட வயித்துல புள்ளை எங்க?"

"அதுதான் வாயில இரிக்கே!"

"வாயில இரிக்கி. திங்கிறத்துக்கெண்டா ஏன் முழுங்கல்ல? வயிறு ஒட்டிப்போய்க் கெடக்கு, வாய் நிறையத் தீனை வெச்சிக்கிட்டு எவளாவது பட்டினி கெடப்பாளா?"

முஹம்மது தம்பி எழுந்தான். படியில் இருந்தவன் ஒரே பாய்ச்சலில் அரிவாளுக்கு முன்னால் வந்து குந்திக்கொண்டான். பெட்டியைக் கவிழ்த்துத் தொண்டை புடைத்த மீன்களைத் தேடினார்கள். இன்னும் ஒன்று அகப்பட்டது. அதன் வாயில் குஞ்சு இல்லை, மிளகளவில் மஞ்சள் முட்டைகள். வயிறு? காலி! பாசியின் ஒரு தும்புகூட இல்லை.

"முட்டையும் வாயிலயா? அப்ப இவள் திங்கல்ல றம்லா! இவள் வாயிலதான் அடைகாக்கிறாள்!" என்று கத்தினான். பக்கத்து வீட்டு றுக்கியா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துவிட்டு, இந்த வீட்டில் யாருக்கோ பிள்ளை பிறந்துவிட்டது என்று நினைத்தாள்.

அடுத்த நாள் காலையிலேயே ஆற்றங்கரைக்குப் போனான். வலை எடுத்துப் போகவில்லை. அதைக் கண்டே பாதைக்காரன் அஸீமுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. தண்ணீர் தெளிந்து கிடந்த ஆழமில்லாத ஓரத்தில், வயிறு மண்ணில் பட, முகத்தைத் தண்ணீருக்கு மேலே நீட்டியபடி முஹம்மது தம்பி படுத்துக்கொண்டான்.

"என்ன நானா, என்னத்தையும் துலைச்சிட்டீங்களா?" என்று அண்ணனை அழைப்பதுபோலக் கேட்டான் அஸீம்.

"ஓம், யாவாரத்தத் துலைச்சிட்டன். அதத்தான் தேடுறன். சத்தம் போடாதீங்க!"

எத்தனையோ வருசமாக மீன் பிடிக்கிறவன். ஆனால் பிடிக்காமல் மீனைப் பார்த்தது அன்றுதான். ஆற்றின் அடி மணலில் சோற்றுக்கோப்பை அளவில் குழிகள். இவ்வளவு நாளும் எருமை மிதித்தது என்று எண்ணியிருந்தான். இப்போது பார்த்தால், ஒவ்வொரு குழியிலும் ஒரு கறுத்த மீன் நின்றது. பெருத்த தாடை, செட்டை விளிம்பில் சிவப்பு. வாயால் மணலை அள்ளி வெளியே துப்பிக் குழியைச் சீராக்கிக்கொண்டிருந்தது. சாம்பல் நிறத்தில் ஒரு பெண்மீன் வந்தது. கறுத்தவன் அதைச் சுற்றிச் சுற்றி வாலை ஆட்டினான். அது குழியில் முட்டையிட்டது. இட்ட கையோடு திரும்பி, ஒன்று விடாமல் பொறுக்கி வாய்க்குள் போட்டுக்கொண்டு புல்லுப் பக்கமாக ஒதுங்கிவிட்டது. கறுத்தவன் ஒரு முட்டைக்கும் காவல் நிற்கவில்லை. அடுத்தவள் வருகிறாளா என்று பார்த்துக்கொண்டு நின்றான்.

புல்லோரத்தில் இன்னொருத்தி. அவளுக்கு முன்னால் தண்ணீர் மட்டும் ஏனோ கலங்கித் தெரிந்தது. உற்றுப் பார்த்தான். கலங்கல் இல்லை, குஞ்சுகள்! அவள் முகத்தைச் சுற்றி நூற்றுக்கணக்கில் துள்ளிக்கொண்டிருந்தன. மேலே ஒரு மீன்கொத்தி பறந்தது. அதன் நிழல் தண்ணீரில் விழுந்ததுதான் தாமதம், அவள் வாயைத் திறந்தாள், அத்தனையும் அதற்குள் ஓடிவிட்டன. பறவை போனது. வாய் திறந்தது. எல்லாம் வெளியே வந்தன.

"அடி என்ட உம்மா!" என்று முஹம்மது தம்பி கூவி எழுந்ததில் ஆற்றோரத்து மீன் அத்தனையும் பறந்துவிட்டன. இடுப்புச் சாரம் நனைந்து மண் ஒட்டிய வயிற்றோடு அஸீமிடம் ஓடினான். "திங்கல்ல அஸீம்! பயத்துக்கு ஒளிக்கிறாள்! நாம புள்ளையத் தூக்கி இடுப்புல வெப்பமே, அப்பிடி!" அஸீம் பாதைக் கயிற்றைப் பிடித்தபடியே, தலையை ஆட்டுவதுதான் பத்திரம் என்று ஆட்டினான்.

சொன்னால் யார் நம்புவார்கள்? சின்னராசாவின் வாய் இருக்கும்வரை யாரும் நம்பமாட்டார்கள். காட்டவேண்டும், கண்ணுக்கு நேரே காட்டவேண்டும்.

அவனும் றம்லாவுமாக ஒரு துண்டுவலையால் பிள்ளைக்காரி ஒருத்தியைப் பதமாகக் கோலி, ஆற்றுத் தண்ணீரோடே பெரிய மண்பானையில் விட்டார்கள். கூட வந்த வேறு இரண்டு மீன்களையும் விட்டார்கள். றம்லா தவிடு தூவினாள். அந்த இரண்டும் பாய்ந்து விழுங்கின. பிள்ளைக்காரி திரும்பியும் பார்க்கவில்லை. இறுக்கி மூடிய வாயோடு ஒரு மூலையில் நின்றாள்.

"பாவம்" என்றாள் றம்லா. வியாபாரிக்கு வாழ்க்கைப்பட்டவள் மீனைப் பார்த்துச் சொன்ன முதல் பாவம் அதுதான்.

ஞாயிற்றுக்கிழமை காலை பானை வைக்கோலுக்குள் பத்திரமாக மரப்பெட்டியில் ஏறியது. வாய்க்குச் சீலைத்துண்டு கட்டியாயிற்று. பாதையில் எல்லாரும் கேட்டார்கள், பானைக்குள் என்ன என்று.

"கோட்டுக்குச் சாட்சி கொண்டு போறன்" என்றான்.

சைக்கிளை மிதிக்கவில்லை, தள்ளிக்கொண்டே நடந்தான். சீனன்குடாவில் ஒரு விமானம் தலைக்கு மேலால் உறுமிக்கொண்டு இறங்கியபோது பானையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றான். சீலையை விலக்கிப் பார்த்தான். சாட்சி வாய் திறக்கவில்லை. நல்ல சாட்சி, நேரம் வரும்வரை திறக்கக்கூடாது.

பாலையூற்றில் பூசை முடிந்து சனம் வீடு திரும்புகிற நேரம். அவன் மாகிரட்டின் படலையடியில் நின்று மணியைப் பிடித்து உலுப்பினான்.

"மாகிரட் அக்கா! வெளியில வாங்க! விக்க வரல்ல, காட்ட வந்தனான்! எல்லாரும் வாங்க! இந்த மீன் புள்ளையத் தின்டா நான் இனி இந்த ஒழுங்கையில கால் வெக்கமாட்டன்!"

சவால் விடுகிறவனைப் பார்க்க யாருக்குத்தான் ஆசை இருக்காது? கோயிற்சேலையோடு பெண்கள், கோட்டைக் கையில் மடித்துப்போட்ட ஆண்கள், வேலி முழுக்கப் பிள்ளைகள். நல்லம்மாவும் வந்தாள். சின்னராசா கூடையை இறக்கிவைத்து முன்வரிசை பிடித்துக்கொண்டான். மாகிரட் படலையைப் பாதிதான் திறந்தாள்.

"அந்தப் பீடையை வளவுக்குள்ள கொண்டு வரவேண்டாம் தம்பி."

"வரட்டும் அம்மா" என்றது உள்ளேயிருந்து ஒரு குரல். கிறிஸ்டின். பேசின் என்கிற அகன்ற வெள்ளைத் தொட்டியை இடுப்பில் அணைத்துக்கொண்டு வந்தாள். "பானைக்குள்ள விட்டா ஆருக்குத் தெரியும்? இதுக்குள்ள ஊத்துங்கோ நானா."

"அடியே, அது பிள்ளையைக் குளிப்பாட்ட வாங்கினது!"

"கழுவலாம் அம்மா."

பேசின் முற்றத்து மாமர நிழலில் வைக்கப்பட்டது. முஹம்மது தம்பி பிஸ்மி சொல்லிப் பானையைச் சரித்தான். மீன் வழுக்கி இறங்கி, வெள்ளை அடியில் சாம்பலாக நின்றது. தொண்டை புடைத்திருந்தது. வாய் மூடியிருந்தது.

எல்லாரும் பார்த்தார்கள். மீனும் பார்த்தது. ஒன்றும் நடக்கவில்லை.

"யப்பான்காரன் லேசில வாய் திறக்கான்" என்றார் ஹெக்டர். சிரிப்பு எழுந்தது.

"வாய்க்குள்ள இருக்கிறது செமிச்சுப்போச்சுதோ என்னவோ" என்றான் சின்னராசா. இன்னும் பெரிய சிரிப்பு. முஹம்மது தம்பிக்கு முதுகில் வேர்வை ஓடியது. ஆற்றில் திறந்தாளே, இங்கே ஏன் திறக்கமாட்டாள்? திறவடி, என்ட ராசாத்தி, ஒருக்காத் திற என்று உள்ளுக்குள் மன்றாடினான்.

கிறிஸ்டின் ஒரு கதிரையை இழுத்துப் பேசினுக்குப் பக்கத்தில் போட்டு, மெல்ல உட்கார்ந்தாள். அவள் அப்படி முற்றத்துக்கு வந்து நாலுபேர் முன்னால் இருந்ததே ஒரு புதினம். அவள் புருசன் இக்னேசியஸ் கப்பலில் சமையல்காரன். போன கப்பல் திரும்பி வந்தது, அவன் வரவில்லை. கொழும்பில் இன்னொருத்தியோடு குடித்தனம் என்று கேள்வி. ஒழுங்கை முழுக்கத் தெரிந்த கதை, அந்த வீட்டு வாசலில் மட்டும் யாரும் கதைக்காத கதை. அவள் வயிற்றின்மேல் கையை வைத்துக்கொண்டு மீனையே பார்த்தாள். அசையவில்லை. அவளைப் பார்த்து மற்றவர்களும் கொஞ்சம் அடங்கினார்கள்.

அப்போதுதான் மீனின் வாய் திறந்தது.

முதலில் ஒன்று. பிறகு நாலைந்து. பிறகு அப்படியே பொசுக்கென்று ஒரு கூட்டம். வெள்ளைப் பேசினில் கடுகைத் தூவியதுபோலக் குஞ்சுகள்!

"வந்திட்டுதுகள்! வந்திட்டுதுகள்!" என்று பிள்ளைகள் கத்தினார்கள். இருந்த சனம் முழுக்க ஒரேயடியாகப் பேசினின்மேல் கவிழ்ந்தது. தண்ணீர் இருண்டது. மீன் பின்வாங்கி வாயைப் பிளந்தது. கண்மூடித் திறப்பதற்குள் அத்தனை குஞ்சும் அதற்குள் மறைந்துவிட்டன. வாய் மூடிக்கொண்டது.

"தின்டிட்டுது!" என்று சின்னராசா துள்ளினான். "எல்லாரும் கண்ணால கண்டனீங்கள்! ஒண்டு விடாமத் தின்டிட்டுது!"

மாகிரட் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டாள். நல்லம்மா "யேசுவே" என்றாள். முஹம்மது தம்பிக்கு முகத்தில் ஈயாடவில்லை. கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டுவிட்டது. தன் கையாலேயே பழியைக் கொண்டுவந்து, வெள்ளைப் பேசினில் வைத்து, ஊரைக் கூட்டிக் காட்டியிருக்கிறான்! "இல்ல, இல்ல, அது ஒளிக்கிறது" என்று நாக்குழறினான். யார் கேட்டார்கள்? பதற்றத்தில் மீனைப் பிடித்து வாயைப் பிதுக்கிக் காட்டவே தண்ணீருக்குள் கையை விட்டான்.

கிறிஸ்டின் அவன் கையில் பளீரென்று ஒரு அடி போட்டாள்.

"தொடாதேங்கோ நானா! முழுங்கயில்லை. தொண்டையைப் பாருங்கோ, உள்ளுக்கு அசையுதுகள்." பிறகு நிமிர்ந்து பார்த்தாள். அந்தக் குரலை ஒழுங்கை இதற்கு முன்பு கேட்டதில்லை. "எல்லாரும் வேலியடிக்குப் போங்கோ. மலை மாதிரி மேல வந்து நிண்டா ஆர்தான் பிள்ளையை வெளியில விடுவினம்? அப்பா, நீங்களும்தான்!"

போனார்கள். ஹெக்டர், முரண்டுபிடித்த சின்னராசாவைத் தோளில் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். வாய் திறந்தது. மறுபடியும் வந்தன, அத்தனையும், முழுசாக, உயிரோடு!

ஒரு குஞ்சு மட்டும் பேசினின் விளிம்புவரை ஓடிவிட்டது. தாய் அதன் பின்னால் போய் உறிஞ்சி எடுத்துக்கொண்டு வந்து, கூட்டத்துக்கு நடுவில் பூ என்று ஊதி விட்டது.

"பாத்தீங்களோ!" என்று மாகிரட் தன்னை மறந்து கூவினாள். "என்ர கடவுளே, கூட்டிக்கொண்டு வந்து விடுது!"

கிறிஸ்டின் உள்ளங்கையைத் தண்ணீருக்கு மேலே நீட்டினாள். நிழல் விழுந்தது. எல்லாம் உள்ளே. கையை எடுத்தாள். எல்லாம் வெளியே. "உள்ளுக்கு! வெளியில!" என்று பிள்ளைகள் கைதட்டிக் கூவினார்கள். வேலியடியில் நின்றவர்களுக்குக் கால் தரிக்கவில்லை. ஒவ்வொருவராகப் பூனைநடை போட்டு வந்து பார்த்தார்கள். கன்னத்தில் கைவைத்தவர்கள், சிரித்தவர்கள், கண்ணைத் துடைத்தவர்கள்! "தள்ளுங்கோ, தள்ளுங்கோ, நான் இன்னும் வடிவாப் பார்க்கயில்லை" என்று முண்டியடித்தது யார் என்று பார்த்தால், சின்னராசா.

மாகிரட் உள்ளே ஓடிப்போய்ப் பாண் ரொட்டித் துண்டொன்றை நுணுக்கிக்கொண்டு வந்து தண்ணீரில் போட்டாள். மீன் தொடவில்லை.

"தின்னமாட்டாள் அக்கா" என்றான் முஹம்மது தம்பி. "வாய் நிறையப் புள்ளை. எதால தின்னுற? அதுகள் தாங்களாத் தின்னப் பழகிற மட்டும் இவள் பட்டினிதான். நாங்க வெட்டிப் பாத்தனாங்க, வயித்துல ஒரு தும்பு பாசி இல்ல."

"பட்டினியோ!" என்றாள் மாகிரட். "நாங்கள் ஒரு வெள்ளிக்கிழமை இறைச்சியை விட்டிட்டு எவ்வளவு கதை கதைக்கிறம்!"

முஹம்மது தம்பி வென்றுவிட்டான். நெஞ்சு விம்மியது. றம்லா இதைப் பார்க்க இல்லையே என்றிருந்தது. சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு எல்லாரையும் சுற்றிப் பார்த்தான்.

"அப்ப சரி! வாற வெள்ளிக்கிழமைக்கு யாருக்கு எத்தினை றாத்தல்?"

மாகிரட் அவனை ஒரு கொலைகாரனைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

"என்ன கதை கதைக்கிறீர் தம்பி? இதையோ வெட்டச் சொல்லுறீர்?"

"இல்ல அக்கா, இதை இல்ல... இது மாதிரி..."

"எனக்கு ஏலாது. இனி இந்த மீனில கத்தி வைக்க என்ர கை வராது."

"எனக்கும் வேண்டாம்" என்றாள் நல்லம்மா. அடுத்தவளும் தலையை ஆட்டினாள். அதற்கடுத்தவளும். முஹம்மது தம்பி தலையைச் சொறிந்தான். பிள்ளையைத் தின்கிறாள் என்றபோது வாங்கவில்லை. பிள்ளையைக் காக்கிறாள் என்று காட்டினான், அதற்கும் வாங்கவில்லை! இந்தப் பெண்களை அல்லாஹ்தான் விளங்கிக்கொள்ளவேண்டும். சின்னராசா ஓசைப்படாமல் கருவாட்டுக் கூடையை முன்னுக்கு நகர்த்தினான்.

கிறிஸ்டின் இன்னும் பேசினைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நானா, இதுகளுக்குத் தகப்பன் எங்க?"

மனம் விட்டுப்போயிருந்தவன் யோசிக்காமல் சொன்னான். "அவனா? மணல்ல குழி தோண்டிப்போட்டுக் கறுத்து மினுங்கிக்கிட்டு நிப்பான். ஒருத்தி வருவாள், முட்டைய வாயில அள்ளிக்கிட்டுப் போவாள். திரும்பியும் பாக்கமாட்டான். அடுத்தவளுக்கு வாலை ஆட்டுவான்."

சொல்லி முடிந்த பிறகுதான் யாரிடம் எதைச் சொன்னோம் என்று அவனுக்கு உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டான். ஒருவரும் கிறிஸ்டினைப் பார்க்கவில்லை. ஹெக்டர் மாமரத்தைப் பார்த்தார். மாகிரட் பாண் தூள் ஒட்டிய விரல்களைப் பார்த்தாள்.

"ஆள் பெரிசோ?" என்று கேட்டாள் கிறிஸ்டின்.

"ஆ... ஓம் தங்கச்சி. இவளைவிடப் பெரிசு. சதையும் கூட."

"பார்த்தால் தெரியுமோ, இவன்தான் எண்டு?"

"தெரியும். கறுப்பு. தாடை பெருத்திருக்கும். வாயில ஒரு புள்ளையும் இராது."

கிறிஸ்டின் நிமிர்ந்தாள். மூக்கு விடைத்திருந்தது. கண்களில் ஏதோ பளபளத்தது, ஆனால் அது கண்ணீரில்லை.

"அப்ப அவனைக் கொண்டு வாங்கோ" என்றாள். "வெட்டுறது நான்."

மாகிரட்டின் வாயிலிருந்து ஒரு சத்தம் வெடித்தது. அழுகை என்று நினைத்து ஹெக்டர் திடுக்கிட்டுத் திரும்பினார். அது சிரிப்பு. மாதக்கணக்காக அடக்கிவைத்த சிரிப்பு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்த சிரிப்பு. நல்லம்மா தொடங்கினாள், ஒழுங்கைப் பெண்கள் எல்லாரும் தொடங்கினார்கள். கிறிஸ்டினும் கதிரையின் கையைப் பிடித்தபடி, கண்ணில் தண்ணீர் வர வரச் சிரித்தாள். ஆண்கள் ஒவ்வொருவராக வேலிப்பக்கம் ஒதுங்கினார்கள். சின்னராசா கூடையைத் தலையில் தூக்கிக்கொண்டான்.

"எனக்கும் அவன்தான் வேணும் நானா!" "எனக்கு ரெண்டு பேர்!" "நல்ல உறைப்பா வைக்கவேணும் அவனுக்கு!" என்று எல்லாப் பக்கமிருந்தும் குரல்கள். முஹம்மது தம்பி எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாமல், கைகள் இரண்டையும் உயர்த்தி, "இரிங்க, இரிங்க, ஒவ்வொருத்தராச் சொல்லுங்க" என்று கத்தினான்.

மாகிரட் சேலைத்தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவன் பக்கத்தில் வந்தாள்.

"வெள்ளிக்கிழமைக்கு மூண்டு றாத்தல் தம்பி" என்றாள். "கறுத்தவனாப் பார்த்து."